படிக்காமல் விட்ட வரி

நானூற்று அறுபத்தைந்து வெள்ளி. வீரமுத்து பஞ்சாலை அண்ணிக்குத் தர வேண்டியிருந்த பாக்கி அவ்வளவுதான். மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் வாழைமரப் படம் போட்டு அச்சடித்த நோட்டில் நானூற்று அறுபத்தைந்து.

நாற்பத்து நாலாம் வருஷம் பங்குனியில் அந்தக் கடன் ஏற்பட்டபோது அந்தக் காசுக்கு மூன்று மூட்டை அரிசி வாங்கலாம். ஒரு வருஷம் போனபின் மூட்டையின் அடியில் ஒட்டிக்கிடக்கிற அரிசிக்குக்கூட அது காணாது. கடன் அப்படியே இருந்தது, காசுதான் தேய்ந்தது. அது தேயத் தேய வீரமுத்துவுக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல் வந்ததுண்டு. பிற்பாடு அந்த ஆறுதலை நினைத்தால்தான் அவனுக்குச் சோறு இறங்காது.

வீரமுத்து செண்டாயான் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவன். முப்பத்தெட்டு வயதில்தான் எழுத்துப் படித்தான். சண்டைக்கு முந்தின வருஷம் சங்கத்துக்காரர்கள் கூலிக்காரர் வரிசைவீடுகள் இருந்த லயத்துக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்தார்கள். கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரலில் பலப்பம் நிற்காமல் வழுக்கும். ஆனாலும் விடவில்லை. ஒரு வருஷத்தில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்க வந்தது. அவன் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் கேட்கிறவன் ஒரு சுருட்டைப் பிடித்து முடித்துவிடலாம் என்று லயத்தில் கிண்டல் பண்ணுவார்கள். சண்டை வந்து எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி ஊரைவிட்டுப் போனபின் அந்தக் கிண்டல் நின்றது. ஊரிலிருந்து வந்து கிடந்த பழைய கடுதாசியைக்கூட அவனிடம்தான் கொண்டுவந்து நீட்டினார்கள். வீரமுத்து படித்தால் ஒரு எழுத்து விடமாட்டான், மெதுவாகப் படித்தாலும் உள்ளதைத்தான் படிப்பான் என்று பேர் வந்தது.

அந்தப் பேரைத்தான் அவன் விற்றான்.

ரப்பரை வாங்க ஆளில்லை. வெட்டு நின்றுபோனது. மரத்தைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். வீரமுத்துவும் நட்டான். கிழங்கை மூட்டை கட்டி லோபாக் கடைத்தெருவுக்குச் சைக்கிளில் தள்ளிக்கொண்டு போய் விற்பான். சைக்கிளுக்கு டயர் கிடையாது. ரப்பர்ப் பாளத்தை வாராக அறுத்துச் சக்கரத்தில் சுற்றியிருந்தான். ஏறி உட்கார்ந்தால் குடல் குலுங்கும் என்று தள்ளிக்கொண்டேதான் போவான்.

லோபாக் காப்பிக்கடையில்தான் தங்கராஜு பழக்கமானான். சண்டைக்கு முன்னால் ஒரு வக்கீல் ஆபீசில் கடுதாசி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த ஆள். இப்போது இஸ்திரி போட்ட சட்டை, காலில் சப்பாத்து. ஊரே கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு திரிகிற காலத்தில் இவனுக்கு மட்டும் எப்படி என்று வீரமுத்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னாண்ணே அப்படிப் பாக்கறீங்க? சட்டையக் கழட்டிக் குடுக்கவா?" என்றான் தங்கராஜு.

"இல்ல தம்பி. என்னா தொழில் பண்றீங்கன்னு யோசிச்சேன்."

"பேப்பர் வியாபாரம். உங்களுக்குக்கூடப் படிக்கத் தெரியுமாமே?"

"கூட்டிக் கூட்டிப் படிப்பேன்."

"அது போதும்லா. படிக்கத் தெரிஞ்ச ஆளு செய்யற தொழிலாண்ணே கெழங்கு தள்ளறது? சொல்றேன் கேளுங்க."

தங்கராஜு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னான். கையில் நோட்டு வைத்திருக்கிற முதலாளிமாருக்கெல்லாம் பயம். நாளைக்கு ஜப்பான்காரன் போய்விட்டால் அந்த நோட்டு எதற்காகும்? அதனால் எப்படியாவது நிலமாக மாற்றிவிடப் பார்க்கிறார்கள். நிலம் வைத்திருக்கிற ஏழைக்கோ வயிற்றுக்கு இல்லை. இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை.

"நடுவுல நீங்க நிக்கறீங்க. கஷ்டத்துல இருக்கறவங்களப் பாத்து ஒரு வெலை பேசறீங்க. கொஞ்சம் அச்சாரம் குடுத்து ரெண்டு மாசத் தவணையில ஒப்பந்தம் எழுதிக்கிறீங்க. அந்த ரெண்டு மாசத்துக்குள்ள அந்த ஒப்பந்தத்த ஒரு முதலாளிகிட்ட கூடுதல் வெலைக்குக் கைமாத்தி விட்டுடறீங்க. மிச்சம் உங்களுக்கு."

"நெலம் வாங்க எங்கிட்ட ஏது தம்பி காசு?"

"யாரு உங்கள நெலம் வாங்கச் சொன்னது? நெலத்துல நீங்க காலக்கூட வைக்க வேணாம். வாங்கற உரிமையத்தான் விக்கறீங்க."

"ஆளு கெடைக்கலேன்னா?"

"அச்சாரம் போச்சு. அதுக்குத்தான் சொல்றேன், அச்சாரத்தக் கிள்ளிக் குடுக்கணும், அள்ளிக் குடுக்கக் கூடாது."

வீரமுத்து காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தான். "இது தப்பில்லையா தம்பி?"

தங்கராஜு சிரித்தான். "திருடறமா? எழுதி, படிச்சுக் காட்டி, ரேகை வாங்கறோம். அவங்களுக்கு அரிசி, முதலாளிக்கு நெலம், நமக்குக் கூலி. ஒண்ணே ஒண்ணு மறக்காதீங்க. 'நானோ, நான் கைகாட்டுகிற ஆளோ இந்த நிலத்தை எடுத்துக்கொள்ளலாம்'னு ஒரு வரி இருக்கணும். அது இல்லேன்னா அந்தப் பேப்பர்ல பலகாரம்தான் மடிக்கலாம்."

எஸ்டேட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் வீரமுத்து மனசுக்குள் ஆள் தேடினான். நிலம் வைத்திருக்கிற ஏழை. அவனுக்குத் தெரிந்து ஒரே ஒருத்திதான்.

பஞ்சாலையின் புருஷன் இராஜமாணிக்கமும் வீரமுத்துவும் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. இராஜமாணிக்கம் மூத்தவன். வீரமுத்துவுக்கு அண்ணன் முறை, பஞ்சாலை அண்ணி. பதினெட்டு வருஷம் மாடு வளர்த்துப் பால் விற்ற காசில் இராஜமாணிக்கம் ரஹாங்கில் ஒன்றரை ஏக்கர் வாங்கினான். கங்காணி பழைய கடனுக்கென்று பிடுங்கிக்கொள்ளப் போகிறானே என்று பயந்து பெண்டாட்டி பேரிலேயே நிலப் பட்டாவை, கிராண்டை, எழுதினான். மாடுகளோடு அவளை அங்கே குடிவைத்துவிட்டு, அவன் வெட்டுக்கு லயத்திலிருந்து போய்வந்தான். பிள்ளை இல்லை. மாட்டையும் நிலத்தையும்தான் பிள்ளை மாதிரி பார்த்தார்கள். ஜப்பான்காரன் வந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போனான். நாற்பத்து மூன்றில், மூன்றே மாதத்தில் திரும்பிவிடலாம், நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று சொல்லி இராஜமாணிக்கத்தையும் சயாமுக்கு ரயில் ரோடு போட ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் எட்டு மாதமாகிவிட்டது.

வீரமுத்து ரஹாங்குக்குப் போனபோது பஞ்சாலை குடிசை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே சோறு வைக்கிற தட்டளவுக்குப் புண். வேப்பிலையை அரைத்து அப்பியிருந்தாள். அதற்குமேல் ஈ மொய்த்தது.

"வாங்க தம்பி. எழுந்திருக்க முடியல. அவருகிட்டேர்ந்து கடுதாசி ஏதும் வந்துச்சா?"

"இல்லண்ணி. காலு என்னா இப்படி ஆயிருச்சு?"

"மரவள்ளியா தின்னா காலு என்னா ஆகும்? மருந்து இருக்குதாம், ஒரு மாத்திரைக்குக் கேக்கற வெலைக்கு என்னையே வித்தாலும் பத்தாதாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "எவன் வாங்குவான், அது வேற."

வீரமுத்து மெல்லப் பேச்செடுத்தான். நிலத்தை ஒரு விலைக்குக் கொடுத்துவிட்டால் மருந்துக்கு ஆகும், அரிசிக்கு ஆகும்.

அவள் முகம் மாறியது. "வெளியாளுக்குன்னா மாட்டேன் தம்பி. சயாம்லேர்ந்து எறங்கினா அவரு நேரா இங்கதான் வருவாரு. வந்து நிக்கறப்ப இங்க வேற ஒருத்தன் ஒக்காந்திருந்தா?"

அந்த இடத்தில் எழுந்து வந்திருக்கலாம். புண்ணைப் பார்த்தான். அதற்கும் மேலே, தங்கராஜுவின் சப்பாத்து கண்ணுக்கு முன்னால் நின்றது. இதை வீரமுத்து எவனிடமும் சொன்னதில்லை. புண்ணைப் பார்த்துத்தான் மனசு இளகியது என்றே தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். இரண்டும்தான் உண்மை. ஆனால் முந்தி நின்றது சப்பாத்து.

"நானே எடுத்துக்கறேன் அண்ணி. எழுநூறு வெள்ளி. அறுவது வெள்ளி இப்பவே தர்றேன். மிச்சத்தைத் தவணையில குடுக்கறேன். நீங்க இங்கயே இருங்க. அண்ணன் வந்ததும் நாம பேசிக்குவோம்."

"உங்ககிட்ட ஏது தம்பி அவ்வளவு காசு?"

"கெழங்கு வித்தது இருக்கு. மேக்கொண்டு பொரட்டிக்குவேன்."

பஞ்சாலை புண்ணில் மொய்த்த ஈயை விரட்டினாள். "நீங்கன்னா செரி. அவரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

மூன்று நாள் கழித்து அவன் காகிதத்தோடு வந்தான். அவனே எழுதியது. ஏழு வரி. எழுத இரண்டு நாள் ஆனது. நாலாவது வரிதான் தங்கராஜு சொன்ன வரி. பக்கத்தில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சாட்சிக்கு வந்து குந்தினார்கள். காகிதத்தை முழுக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ரேகை வாங்குவது எஸ்டேட்டு வழக்கம். கங்காணி காலத்தில் படிக்காமல் வைத்த ரேகைக்கெல்லாம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அதனால் பஞ்சாலையே சொன்னாள், "படிங்க தம்பி, எல்லாரும் கேக்கட்டும்."

விரலை வைத்துப் படித்தான். முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவது வரி. எழுத்தெழுத்தாகக் கூட்டினான். நாலாவது வரிக்கு விரல் வந்ததும் "நா... நா..." என்று இரண்டு தடவை தட்டுத் தடுமாறினான். தொண்டையைக் கனைத்தான். விரல் ஐந்தாவது வரிக்கு இறங்கியது.

ஒருவரும் கவனிக்கவில்லை. வீரமுத்து படித்தால் தடுமாறுவான் என்று ஊருக்கே தெரியும். சாட்சிக்காரி ஒருத்தி, "பாவம், நெத்தியெல்லாம் வேர்த்துப் போச்சு. மரம் வெட்டறதே சுளுவு போலிருக்கு," என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சாலையும் சிரித்துக்கொண்டே கட்டைவிரலை மையில் அழுத்தினாள். ஒப்பந்தத்தில் ஒரு ரேகை. வாங்குகிறவர் பேர் எழுதாமல் வெறுமனே விட்டிருந்த நிலமாற்றுப் படிவத்தில் இன்னொரு ரேகை. கிராண்டைத் துணியிலிருந்து பிரித்து எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

அறுபது வெள்ளியைக் கொடுத்தான். அதில்தான் அவள் மாத்திரை வாங்கினாள். புண் ஆறியது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

மதார் மைதீனுக்கு லோபாக்கில் மளிகைக் கடை. அரிசி, உப்பு, கருவாடு எல்லாம் அடியில் மறைத்து விற்கிற காலத்திலும் நிறுவையில் கைவைக்க மாட்டார் என்று பேர். தங்கராஜு வீரமுத்துவை அவரிடம் கூட்டிக்கொண்டு போனான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை இரண்டு தடவை படித்தார். நிலத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பேசிப் பேசி ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு முடிந்தது.

"ஒண்ணு கேக்கணும்ப்பா," என்றார். "அந்தக் குடிசையில என் தங்கச்சி குடும்பத்தக் கொண்டாந்து வைக்கணும். மலாக்காவுல அவங்களுக்குச் சாப்பாட்டுக்கே வழியில்ல. அந்தம்மா காலி பண்ணிக் குடுப்பாங்கதானே?"

"பண்ணுவாங்க முதலாளி."

"வாங்கறது நான்னு அவங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் முதலாளி."

இரண்டு பொய். இரண்டுக்கும் ஒவ்வொரு வார்த்தைதான் செலவானது.

மதார் மைதீன் நோட்டுக்கட்டை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொடுத்தார். அவ்வளவு காசை வீரமுத்து கையால் தொட்டதில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது டின் உள்ளே குலுங்கிற்று. அன்றைக்குப் பாதி வழி ஏறி ஓட்டினான். குடல் குலுங்கியது தெரியவில்லை.

மறுநாளே ரஹாங்குக்குப் போய்ப் பஞ்சாலையிடம் நூற்று எழுபத்தைந்து கொடுத்தான். மிச்சம் நானூற்று அறுபத்தைந்து அடுத்த மாதம் என்றான். மொத்தத்தையும் கொடுக்கத்தான் எடுத்துக்கொண்டு கிளம்பினான். வழியில் தங்கராஜு மறித்தான்.

"எல்லாத்தையும் இப்பவே குடுத்துட்டா? தவணை இருக்குல்ல? லோபாக்குல ஒரு கடைவீடு வருதுண்ணே. கடை முதலாளி, சீனத் தவுக்கே, பினாங்குக்குப் போறாரு. ஆயிரம் வெள்ளி அச்சாரம் கேக்கறாரு. மூணு மடங்கா திரும்பும். அந்தம்மா காச ஒரு மாசம் ஓட்டிட்டுக் குடுங்க."

"அச்சாரத்தக் கிள்ளித்தான் குடுக்கணும்னு சொன்னியே?"

"அது நெலத்துக்கு. இது கடை."

வீரமுத்து ஆயிரம் வெள்ளியை அள்ளிக் கொடுத்தான். வீட்டுக்கு அரிசி வாங்கினான். பெண்டாட்டி ராக்கம்மாவுக்கு முந்நூறு வெள்ளிக்குக் கருநீலத்தில் ஒரு சேலை வாங்கினான். கோணிச்சாக்கைத் தைத்துக் கட்டிக்கொண்டிருந்தவள் அந்தச் சேலையைப் பிரித்து முகத்தில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

"ஏதுங்க இவ்வளவு காசு?"

"வியாபாரம்."

"கெழங்குக்கா இந்தக் காசு?"

"கேள்வி கேக்காம கட்டிக்க."

கடைவீட்டுக்கு வாங்க ஆள் கிடைக்கவில்லை. லோபாக்கில் அதைவிட மலிவாக நாலு கடை விலைக்குக் கிடந்தது வீரமுத்துவுக்குத் தெரியாது. விசாரிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. தவணை முடிந்தது, ஆயிரமும் போனது. தங்கராஜு பினாங்கு போனானா, தைப்பிங் போனானா, அதன்பின் அவனை லோபாக்கில் யாரும் பார்க்கவில்லை.

அதே வாரம் பஞ்சாலை மூட்டையோடு லயத்துக்கு வந்து நின்றாள். தலையில் பானை, இடுப்பில் துணிமூட்டை. கால் புண் ஆறி, தோல் வெள்ளையாகப் பளபளத்தது. ராக்கம்மாதான் ஓடிப்போய்ப் பானையை இறக்கினாள்.

"என்னாக்கா இது?"

"ஒரு பாய் வந்தாருடி. நெலம் அவரு பேருக்கு ஆயிருச்சாம். நல்லவருதான், ஒரு மாசம் டைம் குடுத்தாரு. நான்தான் தம்பி வந்து சொல்லட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன். தம்பி வரல."

வீரமுத்து உள்ளே இருந்தான். வெளியே வரவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ராக்கம்மா அவளைத் திண்ணையில் உட்காரவைத்தாள். பிறகு உள்ளே வந்தாள். அவனைப் பார்க்காமல் பெட்டியைத் திறந்தாள். கருநீலச் சேலையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"இந்தாங்கக்கா. கட்டிக்கிங்க."

"புதுசாட்டம் இருக்கே. உனக்கு?"

"எனக்குச் சாக்குப் போதும்."

சயாமுக்குப் போனவர்கள் விட்டுப்போன வீடுகள் லயத்தில் நிறைய. மூன்று வீடு தள்ளி ஒரு காலி வீட்டில் பஞ்சாலை குடியேறினாள். மாற்றிக் கட்டத் துணியில்லாத காலம். அந்தக் கருநீலச் சேலையைத்தான் தினம் கட்டினாள். குழாயடியில், கிழங்குக் கொல்லையில், ரேஷன் வரிசையில், எங்கே திரும்பினாலும் வீரமுத்துவின் கண்ணில் அந்த நீலம் பட்டது. அவன் விடியுமுன்னே தண்ணீர் பிடித்துவிடுவான். கொல்லைக்குச் சுற்றுவழியில் போவான்.

ஒருநாள் குழாயடியில் சிக்கிக்கொண்டான்.

"தம்பி, அந்தக் காசு வந்துச்சுன்னா ஒரு ஆடு வாங்கி வளக்கலாம்னு பாக்கறேன்," என்றாள்.

"அடுத்த மாசம் அண்ணி."

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் பாய் பேருக்குப் போனது, நீ வாங்குவதாகச் சொன்னாயே என்று ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள், எழுதப் படிக்கத் தெரியாதவள், ஏதோ ஆபீஸ் முறை என்று நினைத்திருப்பாள் என்று வீரமுத்து நினைத்துக்கொண்டான்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு தடவை கேட்டாள். கொல்லையில், பத்துப் பேர் இருக்கும்போது.

"வீரமுத்து, அந்தப் பாக்கி என்னாச்சு?"

தம்பி என்று கூப்பிடவில்லை. பேரைச் சொன்னாள். குனிந்து கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் "தர்றேண்ணி," என்றான். அதற்குப்பின் அவள் கேட்கவில்லை. தம்பி என்று கூப்பிடவும் இல்லை.

நாற்பத்தைந்து ஆடி மாதம். அரிசி விலையைக் கேட்கிறவர்களே இல்லை, கேட்டுப் பிரயோஜனமும் இல்லை. கோழிமுட்டை வாங்கப் போகிறவன் நோட்டைக் கூடையில் கொண்டுபோனான். அப்படி ஒருநாள் வீரமுத்து லோபாக்கில் இரண்டு கூடை மரவள்ளி விற்றான். எண்ணிப் பார்த்தான். ஐந்நூற்றுப் பத்து வெள்ளி.

நடுரோட்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். ஒன்றரை ஏக்கரின் பாக்கி இரண்டு கூடைக் கிழங்கில் வந்துவிட்டது. இன்றைக்குக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. சொன்ன காசு, அதே நோட்டு, ஒரு வெள்ளி குறையாமல். ஊரில் எவனும் அவனைப் பார்த்துக் கடன்காரன் என்று சொல்ல முடியாது.

நானூற்று அறுபத்தைந்தைத் தனியாக எண்ணித் துணியில் முடிந்துகொண்டு வந்தான். வீட்டில் வைத்துவிட்டுக் கைகால் கழுவினான். ராக்கம்மா முடிச்சைப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"அண்ணி பாக்கி. இன்னிக்குக் குடுத்தர்றேன்."

"எவ்வளவு?"

"நானூத்தி அறுவத்தஞ்சு. சொன்னது சொன்னபடி."

ராக்கம்மா அடுப்பைவிட்டு எழுந்து வந்தாள். "இன்னிக்கு அதுக்கு என்னா கெடைக்கும்?"

அவன் முடிச்சைக் கையில் எடுத்தான்.

"சொல்லுங்க. ஆடு வருமா? ஆட்டுக் காலு வருமா? அந்த நோட்ட அந்தக்கா கையில குடுத்துட்டு வந்தீங்கன்னா, இங்க நான் வடிக்கற சோத்துல கைய வைக்காதீங்க. திருடினதோட நிறுத்திக்கிங்க. மேல கேலி வேற பண்ணாதீங்க."

அவன் முடிச்சை அவிழ்க்காமல் கூரை இடுக்கில் செருகினான். அடுத்த மாதமே ஜப்பான்காரன் தோற்றுப்போனான். வெள்ளைக்காரன் வந்து வாழைமர நோட்டு செல்லாது என்றான். லயத்துப் பிள்ளைகள் நோட்டில் காற்றாடி செய்து விளையாடினார்கள். வேலையை மேற்பார்க்கிற மண்டோரைப் பார்த்து வீரமுத்து கேட்டான், ஜப்பான் காலத்துக் கடனெல்லாம் என்ன ஆகுமாம் என்று. "எல்லாம் அதோட போச்சுலா. யாரு கேக்கப் போறா?" என்றான் மண்டோர். வீரமுத்துவுக்கு அது சந்தோஷச் செய்தியாக இருந்திருக்க வேண்டும்.

எஸ்டேட் திறந்தது. மறுபடியும் விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு, மறுபடியும் கத்தி, வாளி. சம்பளம் புதுக் காசில் வந்தது. வீரமுத்து சுருட்டை விட்டான். ஞாயிற்றுக்கிழமையும் சாய்ந்த மரம் அறுக்கப் போனான். எதற்குச் சேர்க்கிறான் என்று ராக்கம்மா கேட்கவில்லை. அவளும் தன் சம்பளத்தில் ஒன்றும் இரண்டுமாக அவன் காசு சேர்க்கிற டப்பாவில் போட்டாள். சயாமிலிருந்து ஒருவர் இருவராகத் திரும்பி வந்தார்கள். எலும்பும் தோலுமாக வந்தார்கள். இராஜமாணிக்கம் வரவில்லை. செத்துப்போனான் என்று கண்ணால் பார்த்துச் சொன்னவரும் இல்லை. ஒவ்வொரு ஆள் வரும்போதும் பஞ்சாலை ரோட்டு முனைவரை போய் நின்றுவிட்டு வந்தாள்.

நாற்பத்தாறு வைகாசியில் டப்பாவில் தொண்ணூறு வெள்ளி சேர்ந்தது. வெள்ளைக்காரன் காசு. ஒரு நல்ல பசுவும் கன்றும் வாங்கலாம். ஒரு மத்தியானம், வெட்டின பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு வீரமுத்து மூன்று வீடு தாண்டிப் போனான். அந்த மூன்று வீட்டைத் தாண்ட அவனுக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பஞ்சாலை வெட்டுக்கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை.

அவன் டப்பாவைக் கீழே வைத்தான். "தொண்ணூறு வெள்ளி இருக்கு அண்ணி. புதுக் காசு. பாக்கிக்கு இது ஈடாகாது. இன்னும் தர்றேன். மாசா மாசம் தர்றேன்."

அவள் தீட்டுவதை நிறுத்தவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும். அன்னிக்குப் படிச்சப்ப ஒரு வரிய நான்..."

"நாலாவது வரி," என்றாள்.

வீரமுத்துவுக்குக் காது அடைத்துப்போனது.

"உங்கிட்ட மொதத் தடவ காசு கேட்டேன்ல, அதுக்கப்புறம் அந்தப் பாய் கடைக்குப் போனேன். ஏன் பாய் எங்கிட்ட சொல்லாம வாங்கினீங்கன்னு சண்டை போட்டேன். அவரு பேப்பர எடுத்துப் படிச்சுக் காட்டினாரு. ஏழு வரி. அவரும் அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டாரு. கண்ணாடியக் கழட்டிட்டு ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தாரு மனுசன். குடிவச்ச தங்கச்சிய எழுப்ப முடியல, அரிசி தர்றேன்னாரு. நான் வாங்கல."

"ரெண்டு வருசமாத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"ஒரு வார்த்த கேக்கலியே அண்ணி. நாலு பேரு முன்னால வச்சுச் செருப்பால அடிச்சிருக்கலாமே."

"அடிச்சிருப்பேன். ராக்கம்மா மொகத்தப் பாத்து விட்டுட்டேன். அவ அந்தச் சேலையக் கொண்டாந்து குடுத்தப்பவே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்கும் தெரிஞ்சுபோச்சு."

கத்தியின் விளிம்பைக் கட்டைவிரலில் தடவிப் பார்த்தாள். டப்பாவைக் காலால் அல்ல, கையால்தான், மெதுவாக அவன் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துக்கிட்டுப் போ."

"வேணாம்னு சொல்லாதீங்க அண்ணி. இது பாவக் காசு இல்ல. மரம் வெட்டினது."

"தெரியும். நீ ஞாயித்துக்கிழமையில ரம்பம் இழுக்கறது எனக்குக் கேக்காமயா இருக்கு? காசுல குத்தமில்ல." கத்தியை உறையில் போட்டாள். "அவரு வருவாரு. வந்து நெலம் எங்கடின்னு கேப்பாரு. நான் விக்கல, வீரமுத்து எடுத்துக்கிட்டான்னு சொல்லுவேன். அது நெசம். முன்ன வாங்கினது உன்ன நம்பி வாங்கினது. இதத் தெரிஞ்சே வாங்கிட்டேன்னா அந்த நெசத்தச் சொல்ல எனக்கு வாயி இருக்காது. வித்துட்டேன்னுதான் சொல்லணும். பதினெட்டு வருசம் பால் கறந்தவருகிட்ட நான் அதச் சொல்ல மாட்டேன்."

"அப்ப கடன்?"

"என்னா கடன்? வித்தவளுக்குத்தான் பாக்கி வரும். நான் விக்கல. எனக்கு நீ ஒரு காசும் தர வேண்டியதில்ல. இன்னிலேர்ந்து இல்ல. ஊருல எவன் கேட்டாலும் அப்படியே சொல்லு, நானும் சொல்றேன்."

அவன் நின்றான். அவள் வாளியை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். அடுப்புச் சாம்பலை வாரினாள். அவன் இன்னும் நிற்பதைப் பார்த்து, "போ. ராக்கம்மா சாப்பிடாம காத்துக்கிட்டிருப்பா," என்றாள்.

வீரமுத்து டப்பாவை எடுத்துக்கொண்டு மூன்று வீட்டையும் தாண்டி வந்தான். வாசலில் ராக்கம்மா நின்றாள். டப்பாவைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னா சொன்னாங்க?"

"பாக்கி இல்லேன்னுட்டாங்க," என்றான் வீரமுத்து.